பாலைவன விடுதிக்கு ஒரு பலகை

மார்ச் 11, செவ்வாய்

தூறல். காலை வேலை. ஆஸ்பத்திரிச் சமையலறையில் முந்நூறு பேருக்கு உருளைக்கிழங்கு அவித்தது. இடுப்பு போய்விட்டது.

வேறு ஒருவரும் வாசிக்கப் போவதில்லை என்பதால் வெட்கக்கேட்டை முதலில் எழுதிவிடுகிறேன். பின்னேரம் ஒரு மின்னஞ்சல். நாங்கள் வந்த புதிதில் அகதிகளாக இருந்தோமே, ஜெர்மனியின் கிழக்கு மூலையில் ஒரு விடுதி, அதன் வாசலில் வரலாற்றுப் பலகை நடப்போகிறார்களாம். பலகைக்கான வாசகம், இரண்டு பக்கம். திறந்ததும் நான் செய்த முதல் காரியம்: என் பெயரைத் தேடினேன். கடை நடத்திய புஷ்பம் அக்காவின் பெயரை அல்ல. என்னுடையதை. கண்ணாடி போட்டு ஒருமுறை. கண்ணாடி கழற்றி, திரையில் மூக்கு முட்ட, ஒருமுறை. இல்லை.

கோபம் அங்கேதான் பிறந்தது. பிறகு அதை அக்காவின் பெயருக்கு மாற்றி எழுதிக்கொண்டேன். ஆனால் பிறந்த இடம் அதுதான். நோட்டீசில் பெயர் விடுபட்டால் பரம்பரைப் பகை வளர்க்கும் சனம் நாங்கள். நான் மட்டும் விதிவிலக்கா?

அனுப்பியவர் ஹெர் வென்ட். ஓய்வுபெற்ற பூமிசாத்திர வாத்தியார், அந்த ஊர் வரலாற்றுச் சங்கத்தின் தலைவர். சங்கத்தில் மொத்தம் ஒன்பது பேராம். 22ஆம் திகதி திறப்பு விழா. "பிழை இருந்தால் திருத்தித் தாருங்கள், மதிப்புக்குரிய ஐயா." மரியாதையான மனுஷன். மரியாதையான ஆட்களோடு சண்டை பிடிப்பதுதான் பெரிய கஷ்டம்.

பலகை சொல்வது, என் சுருக்கத்தில்:

— மணல். காட்டுக்கு நடுவே கண்ணுக்கெட்டிய மட்டும் வெறும் மணல். முதலில் காட்டுத்தீ, பிறகு ராணுவ டாங்கிகள். புல் முளைக்கவில்லை. ஊர்ச்சனம் அதைப் பாலைவனம் என்றுதான் சொல்லும்.

— அதன் ஓரத்தில், தெருவோடு ஒட்டி, தனியாக ஒரு விடுதி. பெயர் 'லிண்டே'. லிண்டே என்றால் ஒரு மரம். வாசலில் மரம் கிடையாது. முதலில் குதிரைவண்டிக்காரர் தங்கினார்கள், பிறகு மரவியாபாரிகள், பிறகு படை அதிகாரிகள்.

— பெர்லின் சுவர் விழுந்தபின் ஒருவரும் தங்கவில்லை. வீட்டுக்கார அம்மா மாவட்ட நிர்வாகத்துக்கு வாடகைக்கு விட்டார். நிர்வாகம் எங்களைக் கொண்டுவந்து கொட்டியது. (பலகையில் 'குடியமர்த்தியது'.)

— சாப்பாட்டு அறையின் சுவர் ஓடுகளைப் பற்றி ஒன்பது வரி. ஓடுகளுக்கு ஒன்பது வரி!

— எங்களுக்கு இரண்டு. அப்படியே பெயர்க்கிறேன்: "தரைத்தளத்தில் ஒரு தமிழ்ப் பெண் சிறிய கடை நடத்தினார். சக அகதிகளைப் பற்றி அவரே மாவட்ட அலுவலகத்துக்குத் தகவல் கொடுத்ததில் கடை மூடப்பட்டதாக முன்பு அங்கிருந்தவர்கள் சொல்கிறார்கள்."

சொல்கிறார்களாம். எந்த நாய் சொன்னது?

மேசையில் குத்தினேன். மனைவி வதனி குசினியிலிருந்து: "பிரஷர் குளிசை போட்டாச்சோ?"

"இல்லை."

"போட்டிட்டுக் கத்துங்கோ."


மார்ச் 12, புதன்

மழை இல்லை. வெயிலும் இல்லை. கெல்சென்கிர்ச்சன் வானத்துக்கு ஒரு முடிவெடுக்கத் தெரியாது.

வென்ட் வாத்தியாருக்கு முறையான வரலாறு எழுத வேண்டும். முதலில் இங்கே தமிழில் கொட்டிப் பார்க்கிறேன்.

கலியாண வீடுகளில், பிறந்தநாள் விழாக்களில் மைக் கொடுத்தால் நான் "இரண்டு வருசம் பாலைவனத்தில் கிடந்தவன்" என்று தொடங்குவது வழக்கம். உண்மை: ஏழு மாதம். ஆனால் அந்த ஏழு மாதத்தில் ஒவ்வொன்றும் நாலு மாதம். கணக்குப் பிழையில்லை.

சட்டம் இரண்டு. ஒன்று: மாவட்ட எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்ட வேண்டுமென்றால் அன்ட்ராக் என்று ஒரு விண்ணப்பம் எழுதி, டெர்மின் என்று ஒரு சந்திப்பு நேரம் எடுத்து, அலுவலக அம்மாவின் முகத்தைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். அன்ட்ராக்குக்குப் பதில் வரும்போது கலியாணம் முடிந்து பிள்ளையும் பிறந்திருக்கும். இரண்டு: சாப்பாடு பொதியாகத்தான் வரும். கறுத்தப் பாண், ஜாம், ஈரல் பசைத் தகரம், சீனி, தேயிலைப் பைகள். நாற்பத்தெட்டுப் பேருக்கும் ஒரே பொதி. நாற்பத்தெட்டுப் பேரும் சோறு தின்கிற சாதி.

கடை எப்படித் தொடங்கியது: நாலாம் நம்பர் அறை, தெருப்பக்க ஜன்னல். புஷ்பம் அக்காவும் புருஷனும் அந்த அறையில். மன்னார்ச் சனம். ஜன்னல் கண்ணாடியில் அந்தோனியார் படம். குலம் அண்ணை என்று ஒருவர், ஏற்கெனவே விசா கிடைத்து ஹம்பேர்க்கில் இருந்தவர், இரண்டு கிழமைக்கு ஒருக்கால் சனிக்கிழமைகளில் தன் சரக்கு வானில் அரிசி, மா, தூள், கருவாடு கொண்டுவருவார். அக்கா பொதிச்சாமானை வாங்கிக்கொண்டு அதைக் கொடுப்பார்.

கறுத்தப் பாண் ஒன்றுக்கு மிளகாய்த்தூள் ஒரு கோப்பை. ஈரல் பசைத் தகரம் இரண்டுக்கு நெத்தலி ஒரு கை. ஜாமை ஒருவரும் மதிக்கவில்லை. சேர்ந்த பாணும் தகரமும் எங்கே போகும்? தெருவில் போகிற லொறிக்காரருக்கு. அவர்கள் வெங்காயமும் எண்ணெயும் இறக்கிவிட்டுப் போவார்கள். ஊருக்குத் திரும்ப மூட்டை கட்டிக்கொண்டிருந்த ரஷ்யச் சிப்பாய்ப் பெடியள் போர்வை, சட்டி, கம்பளிக் காலுறை கொண்டுவந்து உழுந்து வடை கேட்பார்கள். ஓட்டைக்குள் விரலை விட்டு, மோதிரம் மாதிரித் தூக்கிக் காட்டி, ஒருவனை ஒருவன் பார்த்துச் சிரிப்பார்கள். ஒருநாள் டாங்கி ஒன்று வந்து ஜன்னலடியில் நின்றது. வடைக்கு. இதை மேடையில் சொன்னால் சனம் பொய் என்று சிரிக்கிறது. என் வாயால் வந்ததில் அது ஒன்றுதான் முழு உண்மை.

ஒரு ஜன்னல். அதால் நாற்பத்தெட்டுப் பேர் சோறு தின்றார்கள். அதற்கு இரண்டு வரி. அதிலும் ஒன்று அவதூறு.

இன்னொன்றும் விடுபட்டிருக்கிறது. என்னுடைய சுவர்ப் பத்திரிகை, 'மணல் முரசு'. கிழமைக்கு ஒரு தாள், என் கையெழுத்தில், தலைப்புக்குச் சிவப்பு மை. மாப்பசை போட்டு அக்காவின் ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டுவேன். சாமான் வாங்க நிற்கிற வரிசை முழுக்க வாசித்துச் சிரிக்கும். யார் குறட்டை விட்டார், யார் ஜாமில் கறி வைத்தார், யாருடைய காதல் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. கடைசி இதழை ரசிகன் ஒருவன் சுவரோடு பிய்த்துக்கொண்டு போய்விட்டான். அவ்வளவு மவுசு. ஓடுகளுக்கு ஒன்பது வரி. எனக்கு அரை வரி இல்லை.

சரி. கலியாணம்.

எங்களில் ஒருவனின் தங்கைக்கு ஹம்பேர்க்கில் கலியாணம். ஞாயிற்றுக்கிழமை. அனுமதி கேட்டால் கிடைக்காது. குலம் அண்ணை சனிக்கிழமை சாமான் இறக்கிவிட்டு எங்களை ஏற்றினார். பன்னிரண்டு பேர், வெங்காய மணத்தோடு, ஒருவர் மடியில் ஒருவர். ஞாயிறு இரவே திரும்பிவிட்டோம். ஒரு குஞ்சுக்கும் தெரியாது.

அடுத்த வியாழன் விடிய ஆறு மணிக்கு அலுவலக ஆட்கள், பொலிஸ், கூடவே கழுத்துப்பட்டி கட்டிய ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளர். வரிசையில் நிற்கவைத்துப் பெயர் கூப்பிட்டார்கள். வெறும் பெயர் அல்ல. தகப்பனின் முதலெழுத்து, பெயர், ஊர். "சாவகச்சேரி", "பருத்தித்துறை" என்று ஊரோடு. அலுவலகக் கோப்பில் ஊர்ப் பெயரே கிடையாது. எல்லோருக்கும் 'ஜஃப்னா' என்று ஒரே சொல்தான். அப்படியென்றால் உள்ளே இருந்து ஒரு ஆள் சொல்லியிருக்கிறது. நிச்சயம்.

பதினொரு பேருக்குக் கடிதம். வேறு வேறு முகாம்களுக்கு, ஒருவரை ஒருவர் காண முடியாத தூரத்துக்குப் பிரித்து அனுப்பினார்கள். அன்றைக்கே கடையும் போயிற்று. மூட்டைகளை வெளியே இழுத்து மணலில் கொட்டினார்கள். அக்கா அந்தோனியார் படத்தைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

கலியாணத்துக்குப் போகாதவர் அக்கா. கடிதம் வராதவர் அக்கா. கொஞ்சம் ஜெர்மன் பேசக்கூடியவர் அக்கா. ஒருமுறை டெர்மினுக்குப் போனபோது அந்த அலுவலக அம்மாவுக்கு வடை கொண்டுபோனவர் அக்கா. காணாதா? "காட்டிக்குடுத்தவா." பெயர் வந்துவிட்டது. இன்றைக்கும் போகவில்லை.

எனக்கும் கடிதம் வரவில்லை. அதிர்ஷ்டம். ஆனால் என்னை யார் சந்தேகிப்பது? நான் பகிடிக்காரன்.


மார்ச் 13, வியாழன்

வென்ட் வாத்தியாருக்கு எழுதினேன். ஜெர்மனில் கோபப்பட முப்பது வருசத்துக்குப் பிறகும் அகராதி வேண்டியிருக்கிறது. "இந்த வசனம் ஒரு பெண்ணின் மானத்தைக் கொல்கிறது. யார் சொன்னது, ஆதாரம் எங்கே?" அனுப்பிவிட்டு ராசா மாதிரி இருந்தேன்.

வதனி வாசித்தாள். வாசித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை நல்லதில்லை.

"ஏனப்பா, அந்த 'புஷ்பம் ரேடியோ' பகிடி ஆர் சொன்னது?"

"எந்தப் பகிடி?"

"காதுக்குள்ள அன்ரெனா வைச்சிருந்தவா, லிண்டேயில தும்மினா ஒப்பீசில 'சுகமா இருங்கோ' எண்டுவினம். நீங்கள்தானே? டுசல்டோர்ஃப் மண்டபத்தில. சனம் விழுந்து விழுந்து சிரிச்சது."

"அது பகிடி."

"ஓம். அக்காக்கு அது பகிடி எண்டு தெரியுமோ?"

குளிசை போட்டேன்.

பின்னேரம் பதில். கடவுளே. "மதிப்புக்குரிய ஐயா, ஆதாரம் நீங்கள்தான். இணையத்தில் உள்ள உங்கள் மேடைநிகழ்ச்சி, ஜெர்மன் எழுத்துகளுடன். ஏழாவது நிமிடம்." ஜெர்மன் எழுத்துப் போட்டது என் மகள், பல்கலைக்கழகப் பாடத்துக்கு. நான்தான் கெஞ்சிக் கேட்டுப் போடவைத்தேன். உலகம் என்னைப் புரிந்துகொள்ளட்டும் என்று.

எந்த நாய் என்று செவ்வாய்க்கிழமை கேட்டிருந்தேன். பதில் கிடைத்துவிட்டது.

இதனால் கோபம் குறைந்ததா? இல்லை. கூடிற்று. நான் சொன்னது மற்றவர்கள் சொன்னதைத்தானே? முதலில் காட்டிக்கொடுத்த கை ஒன்று இருக்கிறது. அது மட்டும் வெளியே வந்துவிட்டால் என் பகிடி, வாத்தியாரின் பலகை, எல்லாம் கழுவப்பட்டுவிடும். அந்த ஆளைப் பிடிக்கிறேன்.


மார்ச் 15, சனி

வெயில்! சைக்கிள்காரர் எல்லோரும் அரைக்காற்சட்டையில். எட்டு பாகை.

டுசல்டோர்ஃப். புஷ்பம் அக்கா வீடு. மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை, என் மூச்சு இரண்டாம் மாடியில் நின்றுவிட்டது. எழுபதுக்குக் கிட்ட. மெலிந்துவிட்டார். அதே அந்தோனியார் படம், இப்போது டிவிக்கு மேலே. பக்கத்தில் புருஷனின் படம், மாலையோடு.

அவரது செத்தவீட்டுக்கு ஒன்பது பேர் வந்ததாகக் கேள்வி. எங்கள் சனத்தின் செத்தவீட்டுக்கு ஒன்பது பேர்! பாதிரியார், சவப்பெட்டிக்காரர் சேர்த்தோ தெரியாது. நான் போகவில்லை. அன்றைக்கு எனக்கு வேலை. வேலை மாற்றிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

"வாரும் தம்பி. இவ்வளவு காலத்துக்குப் பிறகு வழி தெரிஞ்சிருக்கு."

"அக்கா, பலகையில உங்களைப் பற்றி..."

"வதனி அனுப்பினவ, என்ர மகள் வாசிச்சுக் காட்டினவ. முதல்ல தேத்தண்ணியைக் குடியும்."

குடித்தேன். மேசையைக் குத்தாமல் என் முழுத் திட்டத்தையும் சொன்னேன். ஊரோடு பெயர் கூப்பிட்டது, உள்ளே இருந்த ஆள், பிடிக்காமல் விடமாட்டேன். அக்கா தட்டில் முறுக்கை அடுக்கிக்கொண்டிருந்தார். அடுக்கி முடிந்தபின் திரும்பவும் கலைத்து அடுக்கினார்.

"ஆர் எண்டு பிடிச்சு என்ன செய்யப்போறீர்?"

"உங்கட பேர் சுத்தமாகும்."

"என்ர பேரில ஊத்தை இருந்தாத்தானே."

"அக்கா, உங்களுக்குத் தெரியுமோ? ஆர் எண்டு?"

என்னைப் பார்த்தார். கண்ணாடிக்கு மேலால். "தேத்தண்ணி ஆறுது" என்றார். கோப்பை ஏற்கெனவே வெறும் கோப்பை.

வாசலில் செருப்பு மாட்டும்போது: "தம்பி, கடை எண்டு ஒரு சொல் பலகையில இருந்தாக் காணும். அந்தப் பொய்யை எடுக்கச் சொல்லும். வேற ஆற்றை தலையிலயும் கட்ட வேண்டாம்."

பெருந்தன்மை. இப்படிப்பட்ட மனுஷியைத்தான் ஒதுக்கி வைத்தோம். ரயிலில் வரும்வழி முழுக்கப் பல்லைக் கடித்தபடி. எதிரே இருந்த குழந்தை பயந்து தாயின் மடிக்குப் போனது.

விழாவுக்கு வரச் சம்மதித்துவிட்டார். அது ஒரு வெற்றி.


மார்ச் 17, திங்கள்

லீவு. பல் டொக்டர் டெர்மினுக்குப் போகவில்லை. பல்லைக் கடித்தே உடைத்துவிடுவேன், பிறகு எதற்கு டொக்டர்.

இரண்டு நாளாக யோசித்ததில் ஆள் அகப்பட்டுவிட்டார். குலம் அண்ணை.

காரணங்கள்: (அ) பயணம் முழுக்கத் தெரிந்தவர். (ஆ) அகதிக் கடதாசிப் பயம் இல்லாதவர். (இ) ஆளைக் கண்டதும் "நீ எந்த ஊர், ஆற்ற மகன்?" என்று கேட்காமல் ஒரு சாமானும் இறக்கமாட்டார். பன்னிரண்டு பேரின் ஊரும் முதலெழுத்தும் தெரிந்த ஒரே மனுஷன். (ஈ) அடுத்த வருசமே ஹம்பேர்க் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் சொந்தக் கடை. எப்படி? எங்கள் கடை செத்த சாம்பலில்.

வதனி: "ஈயன்னா காரணமில்லை, எரிச்சல்." அவளுக்கு விசாரணை தெரியாது.

பதினொரு மணிக்கு அவரது கடைக்கு ஃபோன் எடுத்தேன்.

"ஆர்?"

"சிவம். கெல்சென்கிர்ச்சன்."

"ஓ, பகிடிக்காரனே? என்ன, ஆற்றையும் செத்தவீடோ? நீ நல்லதுக்கு எடுக்கமாட்டாய்."

"அண்ணை, ஒரு கேள்வி. நேரா கேக்கிறன். லிண்டேயில கலியாணத்துக்குப் போன கதையை ஒப்பீசில சொன்னது நீங்களோ?"

அந்தப் பக்கம் தராசு கீச்சிட்டது. யாரோ ஒரு பெண் முருங்கைக்காய் முற்றலாக இருக்கிறது என்று முறைப்பட்டாள்.

"உனக்கு விசரோடா? கடை மூடினா எனக்கென்ன லாபம்? நான் ஏத்தின சாமான் முழுக்க அந்த ஜன்னலாலதானே போனது!"

"ஊரோட பேர் கூப்பிட்டவங்கள் அண்ணை. ஆற்ற ஊர் எது எண்டு..."

"அப்ப நானும் கேக்கிறன். வானில எத்தினை பேர்?"

"பன்ரண்டு."

"கடிதம்?"

"பதினொண்டு."

"அந்தப் பன்ரண்டாவது ஆள் ஆர்? சொல்லு பாப்பம். எந்த நாட்டு ராசகுமாரன் அவர், கடிதம் வராம இருக்க?"

என்னை! என்னைச் சொல்கிறான்! (மரியாதை போய்விட்டது, போகட்டும்.)

"எனக்கு அப்ப ஜெர்மனில மூண்டு சொல்லுத்தான் தெரியும்!"

"காட்டிக்குடுக்க மூண்டு காணும்," என்றுவிட்டு வைத்துவிட்டான்.

நான் ஒரு ஆளிடமும் ஒன்றும் சொல்லவில்லை. சத்தியம். அலுவலகப் படியில் நான் தனியாக ஏறியதே இல்லை. எனக்குத் தெரிந்த மூன்று சொல்லில் ஒன்று 'நன்றி', ஒன்று 'சுகமில்லை', மற்றது பெண்களிடம் சொல்வது. எதையும் ஒருவரும் விளங்கிக்கொள்ளவில்லை.

குற்றமுள்ள நெஞ்சுதான் மற்றவனைச் சுட்டும். உடனே இருந்து வென்ட் வாத்தியாருக்கு எழுதினேன். ஒரே மூச்சில். அகராதி பார்க்காமல். சரக்கு வான் ஓட்டியவர்தான் தகவல் கொடுத்தவர், நான் நேரடிச் சாட்சி, கையொப்பமிட்டுத் தருகிறேன் என்று. அத்தோடு, அது சாட்சியம் என்பதால் சாட்சியின் பெயரும் பலகையில் இருப்பதே வரலாற்று முறை என்றும். சின்ன எழுத்தில் போதும் என்றும்.

வதனி பின்னால் நின்று வாசித்தாள். "அக்கா வேற ஆற்றை தலையிலயும் கட்ட வேண்டாம் எண்டு சொன்னவா எண்டு நீங்கள்தானே சொன்னீங்கள்?"

"அது பெருந்தன்மை."

"அனுப்பாதேங்கோ. ஒரு ராத்திரி கிடக்கட்டும்."

அனுப்பிவிட்டேன்.


மார்ச் 18, செவ்வாய்

காற்று. பக்கத்து வீட்டுக் குப்பைத்தொட்டி எங்கள் வாசலில்.

வாத்தியாரின் பதில் காலையிலேயே. நன்றி, மிக்க நன்றி, அங்கே இருந்தவரின் நேரடிச் சாட்சியம் கிடைப்பது சங்கத்துக்குப் பெரும் பேறு. வசனம் மாற்றப்பட்டது. பலகை நாளைக்கு அச்சுக்குப் போகிறது. பெண்மணியின் பெயரும் போடுவோம், உங்கள் பெயரும் அடியில்.

வென்றேன்! குசினிக்குள் ஒரு சுற்று ஆடினேன். ஃப்ரிட்ஜ் கதவில் முழங்கை.

அடியில் ஒரு குறிப்பு. பழைய மாவட்ட அலுவலகம் மூடப்பட்டபோது கழித்த கோப்புகள் சங்கத்துக்கு வந்தனவாம். அதில் தமிழில் எழுதிய ஒரு தாள். வாசிக்க ஆளில்லை, ஆனால் எழுத்து அழகாக இருப்பதால் கண்ணாடிப் பெட்டியில் வைக்கப் போகிறார்கள். சனிக்கிழமை மொழிபெயர்த்துச் சொல்வீர்களா? ஒரு கவிதை என்று நினைக்கிறாராம்.

யாரோ எழுதிய அன்ட்ராக்காக இருக்கும். எங்கள் சனம் அன்ட்ராக் எழுதினாலும் கவிதை மாதிரித்தான் இருக்கும்.


மார்ச் 20, வியாழன்

கொண்டுபோக வேண்டியவை:

— உழுந்து ஊறப்போட (வதனி). அக்கா அங்கேயே வடை சுட வேண்டுமாம். பழைய ஜன்னலடியில். வாத்தியார் அடுப்பு ஏற்பாடு.
— கோட். கறுப்பு. பொத்தான் பூட்டுமா என்று பார்க்க.
— பார்த்தேன். பூட்டாது.
— பேச்சு. இரண்டு பக்கம். 'உண்மை ஒருநாள் மணலுக்கு மேலே வரும்' என்று முடிகிறது. கண்ணாடி முன் சொல்லிப் பார்த்ததில் எனக்கே கண் கலங்கியது.
— மீசைக்கு மை. போட்டாயிற்று. கன்னத்திலும்.

நினைத்தபோதெல்லாம் குலத்தின் மேல் ஆத்திரம். "எந்த நாட்டு ராசகுமாரன்." இருக்கட்டும். பலகை முப்பது வருசம் நிற்கும் என்று வாத்தியார் சொல்கிறார். துருப்பிடிக்காத இரும்பாம்.

இன்று வேலையில் உருளைக்கிழங்குக்கு இரண்டு தரம் உப்புப் போட்டேன். ஆஸ்பத்திரியில் பிரஷர் நோயாளிகள் பாவம்.


மார்ச் 22, சனி

விடிய நாலு மணிக்குப் புறப்பாடு. முதலில் மேற்கே டுசல்டோர்ஃபுக்குப் போய் அக்காவை ஏற்றி, பிறகு கிழக்கே ஆறரை மணித்தியாலம். வழி நெடுக அக்கா செபமாலை. வதனி நித்திரை. நான் பேச்சை மனனம்.

குளிர்ந்த வெயில், காற்று. மணல் அப்படியே. பல்லுக்குள் அதே நறநறப்பு. விடுதியின் கூரை ஒரு பக்கம் இறங்கிவிட்டது, நாலாம் நம்பர் ஜன்னலுக்குப் பலகை அடித்திருக்கிறார்கள். சனம் இருபது பேர். வென்ட் வாத்தியார் என் நினைப்பைவிட உயரம்.

துணியை இழுத்தார்கள். கைதட்டல். அக்காவின் பெயர், பெரிதாக, 'கடையை நிறுவியவர்' என்று. வடை கூட ஒரு வரியில் வந்திருக்கிறது. அதன் கீழே: "ஹம்பேர்க்கிலிருந்து சரக்குக் கொண்டுவந்த வான் ஓட்டுநர் தகவல் கொடுத்ததில் கடை மூடப்பட்டது." இந்தமுறை 'சொல்கிறார்கள்', 'கேள்வி' என்று ஒன்றுமில்லை. அதன் கீழே சின்ன எழுத்தில் 'சாட்சியம்' என்று என் முழுப் பெயர். சின்ன எழுத்துத்தான். ஆனாலும் தெரிகிறது.

அக்கா ஒவ்வொரு சொல்லாக உதடசைத்து வாசித்தார்.

"வேற ஆற்றை தலையிலயும் கட்ட வேண்டாம் எண்டனான்."

"பேர் போடேல்லை அக்கா. ஓட்டுநர் எண்டுதான்."

"வான் ஓடினது எத்தினை பேர், தம்பி?"

வாத்தியார் கூப்பிட்டார். பேச்சுக்கு முன் அந்தத் தாளைப் பார்த்துவிடலாமாம். சாப்பாட்டு அறைக்குள், ஓடுகளுக்கு நடுவே (ஓடுகள் உண்மையில் வடிவுதான்), கண்ணாடிப் பெட்டி. அக்காவும் பின்னாலேயே வந்தார்.

மஞ்சளாகிப்போன தாள். மூலைகளில் மாப்பசை, பின்னால் ஒட்டியபடி சுவர்ச் சுண்ணாம்பு. தலைப்புச் சிவப்பு மையில்: 'மணல் முரசு. கலியாணச் சிறப்பிதழ்.'

என் கையெழுத்து.

'ஹம்பேர்க் மாநகருக்கு விஜயம் செய்து பந்தியில் மானம் காத்த மாவீரர்கள்.' கீழே பெயர்கள். ஒருவரும் கோபிக்கக் கூடாது என்று முதலெழுத்து, பெயர், ஊர் எல்லாம் போட்டு, ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டம். சாவகச்சேரிக்காரனுக்கு 'பாயாசப் புயல்'. பருத்தித்துறைக்காரனுக்கு 'மூன்றாம் பந்தி மன்னன்'. மேலே வலது மூலையில் அலுவலகத்தின் முத்திரை. திகதி, கலியாணத்துக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை. பொலிசோடு அவர்கள் வந்தது வியாழன்.

பெயர்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் இலக்கங்கள். வேறு ஒருவரின் கை.

"இது ஒரு கவிதைதானே?" என்று வாத்தியார்.

அக்கா என் தோளுக்குப் பின்னால் நின்று வாசித்தார். அவசரமில்லாமல். வரிசையில் நின்று முன்பே வாசித்தவர் போல.

"எழுத்து வடிவாத்தான் இருக்கு, தம்பி," என்றார். வடைக்கு எண்ணெய் காய்ந்திருக்கும் என்று வெளியே போய்விட்டார்.

இலக்கங்களை எண்ணினேன். கண்ணாடி போட்டு ஒருமுறை. கழற்றி, பெட்டியில் மூக்கு முட்ட, ஒருமுறை. பதினொன்று. எழுதுகிறவன் தன் பெயரைத் தானே போட்டுக்கொள்வது அழகில்லை என்று அந்தக் காலத்தில் நினைத்திருக்கிறேன்.

பலகையில் என் பெயர் இருக்கிறது. இதில் இல்லை.